கோப்பைப் பெடியன்

லூர்தம்மாவுக்குக் குறி பார்த்ததில் அந்தச் சீட்டு நான்காவது தடவையும் விழுந்தபோது, அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. கலைத்தவள் அவள். மூன்றாகப் பிரித்து வைத்தவளும் அவள்தான். மேலே கிடந்ததைத் திருப்பியது மட்டும் நான். அதே பெடியன், அதே கடற்கரை.

"சீட்டிலை வந்திட்டான்," என்றாள் லூர்தம்மா. "ஆளைத்தானே காணேல்லை, அக்கா."

அந்தச் சீட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் ஒருவன் நிற்கிறான். பின்னால் அலை. முழங்கால்வரை தொங்கும் பூப்போட்ட சட்டை. தலையில் சுற்றிய துணியின் ஒரு தலைப்பு தோளில் விழுந்து கிடக்கிறது. கையில் ஒரு கோப்பை. கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது. அவனும் அதைப் பார்க்கிறான். மீசை இல்லாத வழுவழுப்பான முகம். நான் அவனுக்குக் கோப்பைப் பெடியன் என்று பெயர் வைத்திருந்தேன்.

இந்தக் குறிச்சீட்டுக் கட்டு என் கைக்கு வந்தது இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலத்தில். தலைமன்னார் இறங்குதுறைக்குக் கிட்ட இருந்த ஒரு தங்குமடத்தில் நான் சமையல். ஒரு காற்றுக்காலம் மூன்று நாள் கப்பல் வராமல் நின்றபோது, ஒரு வெள்ளைக்காரி காய்ச்சலோடு அங்கே படுத்துவிட்டாள். மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன், கஞ்சி கொடுத்தேன். எழும்பி உட்கார்ந்ததும் பையிலிருந்து இந்தச் சீட்டுகளை எடுத்து எனக்குச் சொல்லித்தரத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சாப்பாடு, துவாய், கப்பல் எத்தனை மணிக்கு என்ற அளவுதான். ஆனாலும் கையாலும் கண்ணாலும் கதைத்து இருவரும் ஒரு வழிக்கு வந்தோம். போகும்போது கட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

எழுபத்தெட்டுச் சீட்டில் எனக்குக் கரைச்சல் தந்தவை பதினாறு. கோப்பை, தடி, காசு, வாள் என்ற நான்கு இனத்திலும் ஒவ்வொன்றாக நான்கு ராசா, நான்கு ராணி, நான்கு குதிரைக்காரன், நான்கு பெடியன். மற்றச் சீட்டுகளில் ஏதாவது நடக்கும். ஒருத்தி அழுவாள், ஒரு கோபுரம் இடியும், நாய் குரைக்கும். அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்தப் பதினாறு பேரும் படம் பிடிக்க வந்தவர்கள் மாதிரிச் சும்மா இருக்கிறார்கள். வெள்ளைக்காரி விரலை மடக்கி மடக்கி மூன்று விதம் சொன்னாள். அது வரப்போகிற ஓர் ஆளாக இருக்கலாம். ஒரு குணமாகவோ செய்தியாகவோ இருக்கலாம். அல்லது சீட்டுக் கேட்டு முன்னால் இருப்பவரே அதுவாக இருக்கலாம். மூன்றில் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பார்த்தால் தெரியும் என்றாள். பார்த்தாலே தெரியுமென்றால் பிறகு சீட்டு எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

நான் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். குணம், செய்தி என்று சொன்னால் எங்கள் சனம் எழும்பிப் போய்விடும். மூன்றாவது அதைவிட மோசம். தன்னைப் பற்றிக் கேட்க எங்கள் ஊரில் யார் வருகிறார்கள்? மகன் எப்போது வருவான், மாப்பிள்ளை எந்தப் பக்கமிருந்து வருவான், காசு கொண்டுபோனவன் வருவானா, மாட்டானா? எல்லாக் கேள்வியும் வேறு யாரோ ஒருவரைப் பற்றித்தான்.

ஆகவே பதினாறு பேருக்கும் நானே ஊர் பிரித்தேன். கோப்பை என்றால் கடல் ஆட்கள், மீன் இருக்கிறதே. தடி துளிர்விட்டிருந்தபடியால் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் செய்கிற கமக்காரர். காசு என்றால் கடைக்காரர். வாள் என்றால் துவக்கு வைத்திருப்பவர்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று நான் சொல்வதில்லை, கேட்க வருபவர்களும் கேட்பதில்லை. பங்குச் சுவாமியார் கேள்விப்பட்டு, வசந்தமலரின் வீட்டில் பேயின் கடதாசி இருக்கிறது என்று என் பெயரையே சொல்லிப் பிரசங்கம் வைத்தார். அன்றைக்குப் பின்னேரமே புதிதாக நான்கு பேர் வந்தார்கள்.

கப்பல் நின்றது, தங்குமடமும் மூடப்பட்டது. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்க, ரயிலும் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் கரையில் இரண்டு வகைச் சனம்தான். அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனவர்கள், போக இருப்பவர்கள்.

லூர்தம்மா எனக்கு அடுத்த வேலி. அவளுடைய புருஷன் லோறன்ஸின் பெயரைக் கேட்டு ஒருநாள் ஆமி வந்தது. அவன் அப்போது கடலில். யாரோ போய்ச் சொல்ல, அவன் கரைக்கே வராமல் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வள்ளத்தில் தாவி ஏறிப் போய்விட்டான். அவனுடைய வள்ளத்தை மற்றவர்கள் கொண்டுவந்து கரையில் ஏற்றித் தென்னங்கிடுகால் மூடிவைத்தார்கள். மூன்று கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. 'மண்டபம் அகதிக் காம்பிலை இருக்கிறன். ஆள் அனுப்புறன். அந்த ஆளோடை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. கண்டவையோடை வெளிக்கிடாதை.' என்ன ஆள், எப்போது என்று ஒன்றும் இல்லை. லோறன்ஸ் பேச்சிலும் அப்படித்தான், நாலு சொல்லுக்கு மேல் போகமாட்டான்.

அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவளுக்கு ஐந்து வயது, அது எங்கே இருந்தாலும் விளையாடும். பெரியவள் ஜெயசீலிக்குப் பதினாறு. அந்த நாளில் பதினாறு என்பது துவக்கு வைத்திருந்த இரண்டு பக்கமும் விசாரிக்கிற வயது. நாய் குரைத்தால் லூர்தம்மா முதலில் மகளைத்தான் தேடுவாள். சோறு பாதியில் கிடக்க எழும்பி ஓடுவாள். இரவில் அவள் வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டபடியே இருக்கும்.

கடிதத்தோடு அவள் என்னிடம் வந்தாள். யார் வருவான் என்று கேட்டாள். முதல் நாளே கோப்பைப் பெடியன் விழுந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கடல் ஆள், இளந்தாரி, கலியாணம் முடிக்காதவன். கட்டாயம் வருவான், நீ நில்," என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஊருக்குள் வருகிற இளந்தாரிகளை எல்லாம் அளக்கத் தொடங்கினோம். ஐஸ் கொண்டுவருகிறவனை அளந்தோம். சைக்கிள் திருத்துகிறவனை அளந்தோம். தாழ்வுபாட்டிலிருந்து கருவாடு வாங்க வந்த ஒருவன் பூப்போட்ட சட்டை போட்டிருந்தான். லூர்தம்மா அவனை இருத்தி, அலுமாரியில் பூட்டிவைத்திருந்த கோப்பையில் தேத்தண்ணி கொடுத்து, "தம்பி, ஆரும் உங்களை அனுப்பினவையோ?" என்று கேட்டாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அடுத்த கிழமை அவனுடைய தாய் ஜெயசீலியைப் பெண் கேட்டு வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் நாங்கள் கடைசியாக வயிறு நோகச் சிரித்தது.

ஆவணி நடுவில், அக்கரைக்குக் காசுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற சின்னராசா வந்தான். நாற்பது தாண்டியவன், மீசை, கையில் பொன்நிற மணிக்கூடு. "லோறன்ஸைக் காம்பிலை கண்டனான். நாளைக்கு வெளிக்கிடுறன், மூண்டு பேருக்கு இடம் கிடக்கு. வாறதெண்டால் இண்டைக்கே சொல்லுங்கோ," என்றான். லூர்தம்மா மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தாள். சீட்டைத் திருப்பினேன். காசு ராசா.

"இவன் இல்லை," என்றேன். "இவன் வியாபாரி. உனக்கு விழுறது கடல் ஆள், அதுவும் பெடியன். அக்கரை எண்டு சொல்லி மணல்திட்டியிலை சனத்தை இறக்கிப்போட்டுப் போற கதை நீ கேட்கேல்லையோ?"

அவள் போகவில்லை. அந்த இடத்தில் அந்தோனியம்மாவின் குடும்பம் போனது. எட்டாம் நாள் செய்தி வந்தது. எல்லோரும் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சின்னராசா காம்ப் வாசல்வரை கொண்டுபோய் விட்டானாம். லூர்தம்மா வேலிக்கு மேலால் இதைச் சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போடப் போனாள். ஒரு குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன? காசு ராசா விழுந்தபோது என் நெஞ்சு சந்தோசப்பட்டது. எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த ஒழுங்கையில் விளக்கு எரிந்த வீடுகள் இரண்டு, அவளுடையதும் என்னுடையதும். அவள் போனால் நான் யாரோடு கதைப்பது? அதோடு, அவள் என்னை நம்பினாள். ஒருவர் நம்மை அப்படி நம்புவது ஒரு ருசி. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

புரட்டாதியில் ஒரு வியாழக்கிழமை சுற்றிவளைப்பு. எல்லோரையும் கோயில் வளவில் இருத்தினார்கள். ஜெயசீலி தகப்பனின் வள்ளத்துக்குள், கிடுகுக்குக் கீழே படுத்துக் கிடந்தாள். ஆனால் குடும்ப அட்டையில் அவள் பெயர் இருந்தது. ஆமிக்காரன் அதில் விரலை வைத்து, இந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டான். சொந்தக்காரர் வீட்டில் என்று லூர்தம்மா சொன்னாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளை ஆமிக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வெள்ளி. அன்றைக்குத்தான் நான்காவது தடவையும் அவன் விழுந்தான்.

"நாளைக்குச் சனி, பிறகு ஞாயிறு," என்றாள் லூர்தம்மா. "இவன் இப்ப எந்தக் கடலிலை நிக்கிறான் எண்டாவது சொல்லுங்கோ, அக்கா."

நான் சீட்டைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். வழக்கமாக அவள் முகம் கழுவி, சேலை மாற்றித்தான் வருவாள். அன்று கருவாட்டுப் பந்தலிலிருந்து நேரே வந்திருந்தாள். வெயிலில் மீன் காயப்போடும்போது எங்கள் பெண்கள் புருஷன்மாரின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொள்வார்கள். அவள் போட்டிருந்தது லோறன்ஸின் பெருநாள் சட்டை, நீலத்தில் பெரிய பெரிய பூ. தலையில் துவாயைச் சுற்றியிருந்தாள், ஒரு தலைப்பு தோளில் கிடந்தது. பயத்தில் கன்னம் ஒட்டி, பெடியன் ஒருவனின் முகம் மாதிரி இருந்தது.

பார்த்தால் தெரியும் என்று வெள்ளைக்காரி சொன்னது சரியாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேலிக்கு அப்பால் ஜெயசீலி சின்னவளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"லூர்து, கொப்பர் உன்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறவர் எல்லே?"

"அது சின்னனிலை. அவருக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. பெரிய பிள்ளையானாப் பிறகு விடேல்லையே."

அது ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வயதுவரை தகப்பனோடு பாய் இழுத்தவள், சுக்கான் பிடித்தவள். பெரிய பிள்ளையான அன்றோடு சரி. வயதுக்கு வந்த பெண் கால் வைத்த வள்ளத்தில் மீன் ஏறாது என்பது எங்கள் கரையில் சுவாமியாரும் மாற்ற முடியாத பேச்சு. அதனால்தான், வீட்டு வாசலில் வள்ளமும் எஞ்சினும் கிடக்க, நானும் அவளும் ஊரும் ஒன்றரை மாதமாக ஒழுங்கை முனையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

வெள்ளைக்காரி மடக்கிய மூன்றாவது விரலைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். தன்னுடைய சட்டையைப் பார்த்தாள். தோளில் கிடந்த துவாய்த் தலைப்பைத் தொட்டாள்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "நீ போனால் எனக்கு ஆர் இருக்கினம் எண்டு நினைச்சனான்," என்றேன்.

அவள் எழும்பினாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன், அடித்தாலும் வாங்கியிருப்பேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து கதிரையை நிமிர்த்தி, அதிலேயே இருந்தாள்.

"எஞ்சினுக்கு எண்ணெய் வேணும்," என்றாள். "உங்களிட்டை எவ்வளவு கிடக்கு?"

மண்ணெண்ணெய் அப்போது மருந்துக்கும் கிடையாது. என் விளக்கிலிருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். சனியும் ஞாயிறும் வீடு வீடாகப் போய், உப்புக் கேட்கிற மாதிரிக் கேட்டு, அரைப் போத்தலும் கால் போத்தலுமாகச் சேர்த்தேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சனத்தின் விளக்கெல்லாம் அணைந்தது.

மிச்சம் இருந்தது, எங்கள் கரையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி சின்னத்தம்பி. காலையில் மட்டும் தொழிலுக்குப் போக நேவி விட்டிருந்தது. கரைக்குக் கிட்ட, கண்ணுக்குத் தெரிகிற தூரம். அந்த வள்ளங்களோடு வள்ளமாகப் போனால்தான் அவள் வெளியே போகலாம். பெண் ஏறிய வள்ளத்தைத் தன் வள்ளங்களுக்கு நடுவில் விட அவர் சம்மதிக்க வேண்டும். நான் போய்ச் சொன்னேன். அவர் பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளைக்கு மீன் படாட்டி ஒருத்தரும் சாகமாட்டினம்," என்றார். "வெளிச்சவீடு முதுகுக்கு நேரை இருக்கவேணும் எண்டு சொல்லு. அது தாழ்ந்து மறையுமட்டும் திரும்பிப் பாக்கப்படாது."

"அது அவளுக்குத் தெரியும். தகப்பன் சொல்லிக் குடுத்தவர்."

ஞாயிறு பின்னேரம் அவளுக்கு முடி வெட்டினேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. என்னிடம் இருந்தது மீன் செட்டை வெட்டுகிற கத்தரிக்கோல்தான். முதல் வெட்டுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுதது நான்தான். "கெதியா வெட்டுங்கோ அக்கா, சின்னவள் கண்டால் கத்துவாள்," என்றாள்.

திங்கள் விடியற்காலை பதினொரு வள்ளங்களைத் தள்ளினார்கள். பிள்ளைகள் இருவரும் வலைக்கு அடியில் படுத்திருந்தார்கள். லூர்தம்மா லோறன்ஸின் சாரத்தை மடித்துக் கட்டி, அந்தப் பூச்சட்டையோடு முழங்கால் தண்ணீரில் நின்று, வாயை வெட்டிய பிளாஸ்டிக் எண்ணெய்க் கானால் வள்ளத்துக்குள் ஊறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். பத்து ஆண்களும் அவளைப் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

"நீங்களும் ஏறுங்கோ," என்றாள்.

"நேவிக்காரன் தலையை எண்ணுவான்," என்றேன். அது பொய். எனக்குக் கடல் பயம். அம்பது வருடம் அதன் சத்தத்தில் நித்திரை கொண்டவள், ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். சிரித்தாள். கோப்பைப் பெடியனை எடுத்துப் போயிருந்தேன். அவளுடைய சட்டைப் பைக்குள் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எஞ்சின் இரண்டு தரம் இழுத்தும் பிடிக்கவில்லை. மூன்றாவது இழுவையில் பிடித்தது. மற்ற வள்ளங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. கொஞ்ச நேரத்தில் எது அவளுடையது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மத்தியானம் திரும்பி வந்தவை பத்து. காலையில் போனதும் பத்துத்தான் என்று சின்னத்தம்பி காவலில் நின்றவனுக்குச் சொன்னார். பின்னேரம் ஆமிக்காரர் அவளுடைய வீட்டுக்கு வந்தார்கள். குடும்பத்தோடு மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்று நான் சொன்னேன். கதவை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு காத்திருக்கும் முறை எனக்கு வந்தது. சீட்டைத் தொடவில்லை, தொடப் பயமாக இருந்தது. காற்று எழும்பினால் எழும்புவேன். வள்ளம் கவிழ்ந்தது என்று எங்கேயாவது கேட்டால் சாப்பாடு இறங்காது. கடற்கரைக்குப் போவேன், திரும்புவேன், அடுப்பை மூட்டுவேன், அணைத்துவிட்டு மறுபடி போவேன். நான்தான் அனுப்பினேன். மூன்று உயிர். நாள் போகப்போக அந்த எண்ணிக்கை மட்டும்தான் தலைக்குள் ஓடியது. சீட்டுக் கேட்க வந்த பெண்களை வேலியிலேயே திருப்பி அனுப்பினேன்.

இருபத்து மூன்றாம் நாள் சின்னத்தம்பி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். ஜெயசீலியின் எழுத்து.

'அன்புள்ள பெரியம்மாவுக்கு, நாங்கள் மூவரும் சுகம். இறங்கிய இடத்தில் பொலிஸ்காரர் பதிந்து, லொறியில் மண்டபம் காம்புக்கு ஏற்றிவிட்டார்கள். அம்மா வள்ளம் ஓட்டினது என்று சொல்ல ஒருவரும் நம்பவில்லை. காம்ப் வாசலில் முதல் இறங்கியது அம்மாதான். நானும் தங்கச்சியும் லொறிக்குள் இருந்தோம். அப்பா அங்கே நின்றவர். ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிறவராம், எங்களைக் கூட்டிவர ஆள் பிடிக்க. மெலிந்துபோனார். அம்மாவின் முதுகில் தட்டி, "தம்பி, தலைமன்னார்ப் பக்கமோ? என்ரை வீட்டுக்காரியையும் பிள்ளையளையும் கூட்டிவர ஒரு ஆள் தேடுறன், நீர் திரும்பிப் போவீரோ?" என்று கேட்டார். அம்மா திரும்பிப் பார்த்து, "ஆள் வந்திட்டுது," என்று மட்டும் சொன்னா. பிறகு அங்கேயே நிலத்தில் குந்தி இருந்து அழுதா. வந்த வழி முழுக்க அம்மா அழவேயில்லை, பெரியம்மா.'